பம்பு அறையின் தந்தி

அந்த நீச்சல் கிளப்பில் எல்லோரும் அவளைத் தந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் வைத்தவனுக்கு வாய்க்கொழுப்பு அதிகம்தான், ஆனால் கண் சரியாக வேலை செய்திருந்தது. கிளப்பில் பம்பு ஓட்டும் அவள் புருஷனும், குழாய் வேலை செய்யும் அவள் கூடப்பிறந்த தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒரே குழாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் நின்றாலும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் நடுவில் நிற்கும் அவளிடம் சொல்வார்கள். அவள் தலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பி, கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

"உன் தம்பிகிட்டச் சொல்லு, வால்வை எருமை மாதிரி முறுக்க வேண்டாம்னு."

"வால்வைக் கொஞ்சம் பதமா திருப்புவியாம்டா."

"உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, துருப்பிடிச்ச வால்வை வெச்சுக்கிட்டு அதைத் துடைக்கக்கூட நேரமில்லாத சோம்பேறிக்கு இதுக்கு மேல பதம் கிடையாதுன்னு."

"கொஞ்சம் எண்ணெய் விட்டா நல்லதாம்ங்க."

அசல் இரண்டு பேர் காதிலும் விழத்தான் செய்யும். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த நகலுக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது மூவருக்கும் இடையில் எழுதாத சட்டம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் என்றைக்கோ ஒருத்தன் மண்டை உடைந்திருக்கும்.

அதற்காக அவளைச் சமாதானப் புறா என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பேரையும் அவள் மனசுக்குள் திட்டிய திட்டை வெளியே விட்டால் பம்பு அறையின் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். காரத்தைக் கழுவிவிட்டுப் பரிமாறினாள் என்றால், அது பாசத்தால் இல்லை. சண்டை முடிந்த பிறகு ஒருத்தனோடு படுத்து எழுந்திருக்க வேண்டும், இன்னொருத்தனோடு பிறந்துவிட்டதை மாற்ற முடியாது. அந்தக் கணக்குதான்.

பகை தொடங்கியது அவள் அப்பா இறந்த அன்று. சவப்பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது தம்பி வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வளர்ந்த ஆம்பளை அப்படி அழுது அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வெளியே நின்றிருந்த நாலு பேரிடம் அவள் புருஷன் மெதுவான குரலில், "வாஷர் போன குழாய் மாதிரி விடாம ஊத்துறான் பாரு" என்று சொல்லிவைத்தார். குழாய்க்காரனைப் பற்றிக் குழாயை வைத்தே ஒரு ஜோக். நாலு பேரில் ஒருத்தன் சிரித்தான். சிரிப்புச் சத்தம் கேட்டுத் தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான். அதுவரை "மாமா, மாமா" என்று அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தவன் அந்த வார்த்தையை அன்றோடு விழுங்கிவிட்டான். அவரும் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. "நாலு பேர்கூடப் பேசறப்ப ஒரு வார்த்தை வரும், போகும். அதைத் தூக்கி மடியில கட்டிக்கிட்டா நான் என்ன பண்றது?" என்று அவளிடம் கேட்டார். அதுதான் அவள் தம்பியிடம் கொண்டுபோக வேண்டிய முதல் செய்தி. அவள் அதைக் கொண்டுபோகவில்லை. "வருத்தப்படறார்டா" என்று சொன்னாள். அவன் நம்பவில்லை.

அதற்கடுத்த வருஷமே கிளப்பில் பழைய தொட்டியை இடித்துப் பெரிய நீச்சல்குளம் கட்டினார்கள். கட்டட ஒப்பந்தக்காரர் குழாய் பதிக்கக் கூட்டிக்கொண்டு வந்த ஆள், யாராக இருக்கும்? தம்பிதான்.

நீச்சல்குளத்துக்குத் தண்ணீர் ஒரு தடவை நிரப்பினால் போதாது. குளத்திலிருந்து ஒரு குழாய் தண்ணீரை பம்புக்கு இழுத்துவரும். பம்பு அதை மணல் வடிகட்டிக்குள் தள்ளும். வடிந்த தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகக் குளத்துக்கே திரும்பிப் போகும். நாள் பூராவும் இந்தச் சுற்று நடந்தால்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கும், இல்லாவிட்டால் பாசிக்குட்டை. அந்தக் குழாய்கள் பம்பு அறைக்குள் நுழைகிற சுவரோரமாகத்தான் அவள் புருஷன் தன் இரும்புக் கட்டிலைப் போட்டுவைத்திருந்தார். மத்தியானம் அதில்தான் கண்ணயர்வார்.

"உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, கட்டிலை எடுத்தாத்தான் குழாய் நேரா வரும்னு."

"கட்டில் அங்கேதான் கிடக்கும். குழாய் வேணும்னா சுத்திப் போகட்டும்."

இதில் அவள் கழுவிப் பரிமாறுவதற்கு ஒன்றுமில்லை. தம்பி வேலையில் இறங்கினான். கட்டிலின் தலைமாட்டில் ஒரு எல்போ, கால்மாட்டில் ஒரு எல்போ, கட்டிலுக்கு அந்தப் புறம் இறங்கி ஏற இன்னும் இரண்டு எல்போ என்று, செங்குத்தாக மடங்கும் துண்டுகளாகவே ஒட்டி, ஒல்லிக் குழாயில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கொண்டுபோனான். ஒவ்வொரு எல்போவுக்கும் பசை தடவும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

கட்டில் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கால் ஒடிந்து பழைய இரும்புக்குப் போய்விட்டது. குழாய் மட்டும் இல்லாத கட்டிலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பம்பு அறைக்குப் புதிதாக வருகிறவர்கள், "எதுக்கு இது இப்படி ஒண்ணுமில்லாத இடத்தைச் சுத்திப் போகுது?" என்று கேட்பார்கள். பம்புக்காரர், "அது அவ தம்பியோட மூளை போற ரூட்டு" என்பார்.

அத்தனை வளைவுகளில் முட்டி மோதித் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். குளத்தின் கோடி மூலையில் ஓட்டமே இருக்காது. அங்கே பச்சை கட்டும். முதலில் இருந்த சின்ன பம்பு தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தது. பம்புக்காரர் கிளப் கமிட்டியைக் கூட்டி, குழாய் போட்டவன் லட்சணம் இது, இதை உடைத்துப் புதுசாகப் போடாவிட்டால் இரட்டை பலம் உள்ள பம்பு வேண்டும் என்று வாதாடினார். உடைப்பதைவிட வாங்குவது சுலபம் என்று கமிட்டிக்குப் பட்டது. ஒரு பெரிய பம்பு வந்தது. அதற்குக் கிளப்பே சேர்ந்து பயில்வான் என்று பெயர் வைத்தது.

பயில்வான் தன் பலத்தைக் காட்டத்தான் செய்தான். கோடி மூலை வரைக்கும் தண்ணீர் போனது. பதிலுக்கு, வடிகட்டியின் மேலிருந்த அழுத்த முள் சிவப்புக் கோட்டைவிட்டு இறங்கவே இல்லை. இழுக்கிற குழாய் ஒல்லி என்பதால் பம்புக்குத் தண்ணீர் போதாமல், உள்ளே கூழாங்கல்லை அள்ளிப்போட்டு அரைப்பதுபோல் ஒரு சத்தம் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது. பம்பு அறையும் அவர்கள் குடியிருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அவள் அலமாரியில் பாத்திரங்களைச் சுவரில் படாமல் தள்ளித்தான் வைப்பாள். பட்டால் நாள் பூராவும் கிணுகிணுவென்று பல்லைக் கடிக்கும். "கேட்டியா சத்தத்தை? உன் தம்பி போட்ட குழாய்ல ஓட்டணும்னா இந்த மாதிரி ஒரு ராட்சசன் வேணும்" என்பார் அவர். பயில்வானைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருந்தார். சொந்தப் பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு அவர் தடவிக்கொடுத்த ஒரே ஜீவன் அதுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு நாள் கிளப்பின் செயலாளர் கல்லைப் போட்டார்.

செயலாளர் நின்றபடியேதான் பேசுவார். உட்காரச் சொன்னால் நாற்காலியைப் பார்த்து முகம் சுளிப்பார். அன்றும் பம்பு அறை வாசலில் நின்றுகொண்டு, மீட்டர் பெட்டியை விரலால் தட்டினார்.

"இந்தக் கிளப்புல நீந்தறவங்களுக்கு ஆகுற செலவைவிட இந்த மிஷினுக்கு ஆகுற கரண்டுதான் அதிகம். அடுத்த சீசன் தொடங்கறதுக்குள்ள இது பாதியா குறையணும். இல்லேன்னா வெளியிலேருந்து ஒரு கம்பெனி வரும். அவங்க பம்பு, அவங்க ஆளு."

"நாங்க?" என்று கேட்டது அவள்தான்.

"குவார்ட்டர்ஸ் பம்பு ஓட்டற ஆளுக்குத்தானேம்மா. ஆளு மாறினா வீடும் மாறும். இதுல புரியாததுக்கு என்ன இருக்கு?"

அவர் போன பிறகு பம்புக்காரர், "கொள்ளையில போவான், என்னை மிரட்டறான்" என்று கத்தினார். அவள் கத்தவில்லை. அடுப்படியில் போய் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் வீட்டில் ஒரு மூலை, ஓரகத்தி வீட்டில் ஒரு மூலை, ஒரு குடோனின் பின்னால் தகரம் போட்ட மூலை என்று மூலை மூலையாகக் காலம் தள்ளியவள் அவள். இந்த இரண்டு அறை கிடைத்தபோதுதான் முதன்முதலாக ஒரு பாத்திரத்தை வைத்த இடத்தில் மறுநாள் காலையிலும் பார்த்தாள். இதைவிட்டால் வேறு எங்கே? தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. புருஷன் பாலத்துக்கடியில் படுத்தாலும் படுப்பாரே தவிர அந்தப் படியேற மாட்டார். அவள் ஏறினால் தம்பி பெண்டாட்டி தண்ணீர் டம்ளரை எந்தச் சத்தத்தோடு வைப்பாள் என்று அவளுக்கு இப்போதே கேட்டது.

மறுநாள் அவள் தம்பியைத் தேடிப் போனாள். குழாய் எந்த இடத்தில் தரைக்கடியில் போகிறது, எங்கே சுவரில் ஏறுகிறது என்பது பதித்தவனுக்குத்தான் தெரியும். வேறு ஆளைக் கூப்பிட்டால் குளத்தையே தோண்டிப் போட்டுவிடுவான்.

"வர்றேன். ஆனா அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்" என்றான் தம்பி.

"அவர் வாய் என் கையிலயா இருக்கு? உன் காதை நீ மூடிக்க."

"நீ எப்பவும் அந்தப் பக்கம்தான்."

"நான் எந்தப் பக்கம்டா? ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்குக் கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்."

சீசன் முடிந்து குளத்தை மூடியிருந்த நாட்களில் வேலை நடந்தது. தம்பி சுவரை உடைத்தான். பம்புக்காரர் பக்கத்தில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். நடுவில் அவள்.

"உன் தம்பிகிட்டச் சொல்லு, இந்தத் தடவையாவது குழாயைக் குழாய் மாதிரி போடச் சொல்லி."

"நீ நல்லா பண்றேன்னு சொல்றார்டா."

"அவர்கிட்டச் சொல்லு, குறுக்க கட்டில், மெத்தை, தலகாணி ஏதாவது போடறதா இருந்தா இப்பவே சொல்லிடணும்னு."

"இடம் போதுமான்னு கேக்கறான்ங்க."

"போதும் போதும். அவன் இங்க வந்து நிக்கறதுதான் இடைஞ்சல்."

"போதுமாம்."

எல்போக்கள் எல்லாம் அறுபட்டு மூலையில் குவிந்தன. தம்பி அகலமான குழாயாக எடுத்து, பம்பிலிருந்து வடிகட்டிக்கும் வடிகட்டியிலிருந்து குளத்துக்கும் கிட்டத்தட்ட நேர்கோடாக இழுத்தான். திரும்பியே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் நீளமாக வளைகிற பெண்ட் துண்டு வைத்தான். பம்புக்கு இழுக்கிற குழாயையும் அகலமாக்கினான். கை சுத்தமான வேலை. மூட்டு ஒவ்வொன்றையும் பம்புக்காரர் தொட்டுப் பார்த்தார், குறை கண்டுபிடிக்க முடியாத எரிச்சலில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அகலக் குழாய், நேர் பாதை, இனிமேல் கரண்டு குறைந்துவிடும் என்று மூன்று பேருமே நம்பினார்கள். அந்த மூன்று பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது, அது தப்பாகவும் இருந்தது.

ஸ்விட்சைப் போட்டதும் குளத்துக்குள் தண்ணீர் வந்து விழுந்த வேகத்தில் ஓரத்துச் சல்லடைகளின் மூடிகள் எகிறின. கூழாங்கல் அரைக்கிற சத்தம் போயே போய்விட்டது. வடிகட்டியின் முள் சிவப்புக் கோட்டைவிட்டு நன்றாக இறங்கியது. அவள் கையைக் கூப்பப் போனாள். அதற்குள் பம்புக்காரர் மீட்டரைக் காட்டினார். அதில் கரண்டு ஓடும் கணக்குக்குச் சிமிட்டும் சின்னச் சிவப்பு விளக்கு முன்பைவிட வேகமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் மேல் கை வைக்க முடியாத சூடு. பிறகு டப்பென்று தானாக நின்றது. திரும்பப் போட்டார்கள், திரும்ப நின்றது.

"பார்த்தியா? உன் தம்பி என் பயில்வானைக் கொல்றதுக்குன்னே வந்திருக்கான்! கரண்டை ஏத்தி நம்மளை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கறான்!"

இதை அவள் கழுவுவதற்குள் தம்பி சுத்தியலைக் கீழே எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான். பம்புக்காரர் தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வைப் பாதி மூடினார். மோட்டார் நிற்காமல் ஓடியது, ஆனால் முள் மறுபடி மேலே ஏறியது. கஷ்டப்பட்டு நேராக்கின பாதையின் குறுக்கே தானே ஒரு சுவர் எழுப்பின மாதிரி ஆனது. விளக்கின் சிமிட்டலிலும் பெரிதாக மாற்றமில்லை.

அவள் தம்பியைக் கிளப் வாசல் கேட்டருகில் பிடித்தாள். அவன் கல்லில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். கோபம் வடிந்து, வேலைக்காரனின் முகம் வந்திருந்தது.

"தப்பு நம்ம பேர்லதான்க்கா. முன்னாடி அந்தப் பம்பு சந்துக்குள்ள தண்ணியைத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு பலம் இருந்தாலும் சந்துல போறதுதான் போகும். இப்ப நான் பெரிய ரோடு போட்டுக் குடுத்துட்டேன். தடை இல்லேன்னதும் அது வெறி பிடிச்ச மாதிரி அள்ளி அள்ளிக் கொட்டுது. அள்ளற தண்ணிக்கெல்லாம் கரண்டு திங்குது."

"அப்ப என்னடா பண்றது?"

"குளத்துக்கு இந்த வேகம் எதுக்கு? நாள் பூரா மெல்லச் சுத்தினா போதும். அகலக் குழாயில தண்ணி மெதுவா போனா உரசலே இருக்காது, தள்றதுக்குக் கஷ்டமே கிடையாது. பயில்வானைக் கழட்டிட்டு ஸ்டோர்ல கிடக்கற பழைய சின்ன பம்பை மாட்டணும். கொஞ்ச நேரம் கூட ஓடட்டும். அப்பவும் கரண்டு பாதிக்கும் கீழ வந்துடும். இந்த ரோட்டுக்கு அதுதான் வண்டி."

அவளுக்கு மூச்சு வந்தது. அவன் விரலை நீட்டினான்.

"ஒண்ணு சொல்லிட்டேன். இந்த வேலைக்கு உன்கிட்ட நான் கூலி கேக்கலை, கேக்கவும் மாட்டேன். ஆனா இது என் யோசனைன்னு அந்த மனுஷன் காதுல விழணும். சின்ன பம்பு போடச் சொன்னது உங்க மச்சான்தான்னு நீ அவர்கிட்டச் சொல்லணும். இதையாவது கழுவாம அப்படியே கொண்டுபோ."

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். பம்பு அறைக்குப் போகும் வழி சிறியதுதான். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தம்பி சொன்னான் என்று சொன்னால் இந்த ஜன்மத்தில் அந்தப் பம்பு கழலாது. அவர் குளிரில் நடுங்கினாலும் தம்பி நீட்டிய போர்வையைப் போர்த்திக்கொள்கிற ஆள் இல்லை. தன் யோசனை என்று சொல்லலாமா? "உனக்கு என்னடி தெரியும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பரிமாறிக்கொண்டே லேசாகச் சொன்னாள்.

"கேட்டுல தம்பியைப் பார்த்தேன். சிரிக்கறான்."

"எதைப் பார்த்து?"

"எதுக்குங்க அதெல்லாம், சாப்பிடுங்க."

"சொல்லுடி."

"பயில்வானை விட்டா உங்களுக்கு வேற பம்பு ஓட்டத் தெரியாதாம். பழைய சின்ன பம்பு ஒண்ணு கிடக்கே, அதை மாட்டி இந்தக் குளத்தைச் சுத்தமா வெச்சுக் காட்டச் சொல்லு, நான் குழாய் தொழிலையே விட்டுடறேங்கறான். சின்ன பம்பை வெச்சு ஓட்டறதுக்குத் தனி மூளை வேணுமாம். பலத்தை நம்பறவனுக்கு அது வராதாம்."

இத்தனை வருஷம் காரத்தைக் கழுவியே பரிமாறின கை, அன்று முதல் தடவையாகக் கைகொள்ளும் மட்டும் அள்ளிப் போட்டது. அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார்.

"மூளை வராதாமா? அவன் அப்பன் வீட்டு மூளையா?"

அவள் அப்பாவும் அந்த அப்பன்தான் என்பது அவருக்கு அப்போது ஞாபகமில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

சின்ன பம்பை ஸ்டோரிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தார், துடைத்தார், பேரிங் மாற்றினார், சீல் மாற்றினார். பயில்வானைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார். அவள், "வேண்டாம்ங்க, விட்டுடுங்க, அவன் சொல்ற மாதிரியே ஆயிடப் போகுது" என்றாள். அதற்கப்புறம் அவர் தயங்கவில்லை.

சின்ன பம்பு ஓடத் தொடங்கியபோது ஓடுகிறதா என்று சுவரில் கை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. குளத்தின் கோடி மூலையில் அவர் ஒரு உலர்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். அது நிதானமாக, யாருக்கும் பயப்படாமல் மிதந்து, நீளவாக்கில் முழுக் குளத்தையும் கடந்து சல்லடை வாய்க்குள் போய் விழுந்தது. மீட்டர் விளக்கு தூக்கம் வந்த பிள்ளைபோல எப்போதாவது ஒரு தடவை கண் சிமிட்டியது. தண்ணீரில் பச்சை கட்டவில்லை. குளத்தின் அடித்தரையில் விழுந்த காசின் முகம் மேலிருந்து தெரிந்தது.

செயலாளர் வந்தார். மீட்டரைத் தட்டினார், மறுபடியும் தட்டினார். கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அடுத்தடுத்து வந்த கட்டணச் சீட்டுகளைப் பார்த்த பிறகுதான், "கம்பெனிக்கு வர வேண்டாம்னு சொல்லியாச்சு" என்றார். நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று அவள் நின்றாள். "சுவத்தை உடைச்ச இடத்துல பூசாம விட்டிருக்கீங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு நின்றது. அவள் பாத்திரங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்கினாள்.

பம்புக்காரர் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். ஜெயித்த மனுஷன் எங்கே சும்மா இருந்தான்? குழாய்ச் சாமான் கடைக்குப் போகும்போதெல்லாம், கேட்கிறவனிடமும் கேட்காதவனிடமும், "சின்ன பம்பு வேலைக்கே ஆகாதுன்னான் என் பொண்டாட்டியோட தம்பி. ஓட்டிக் காட்டிட்டேன். இன்னும் தொழிலை விடாம திரியறான், ரோஷம் கெட்டவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதே கடையில்தான் தம்பியும் சாமான் எடுப்பான்.

ஒரு சாயங்காலம் அவன் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே நுழையவுமில்லை. அவள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். பக்கத்துப் பம்பு அறை வாசலில் அவள் புருஷன் கையில் எண்ணெய்த் துணியோடு வந்து நின்றார்.

"அக்கா, கடையில நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கறானுங்க. தொழிலை விட்டுட்டியான்னு கேக்கறானுங்க. நான் என்னைக்கு அப்படிச் சொன்னேன்?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன பம்பு போடச் சொன்னது யாரு? கேட்டுப் பக்கத்துக் கல்லுமேல உக்கார்ந்து உனக்குப் பாடம் நடத்தின மாதிரி சொன்னேனே. ஒரே வார்த்தை. இந்த மனுஷன் முன்னாடி சொல்லிடு. நான் போயிடறேன்."

பம்புக்காரர் துணியைக் கசக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் பயில்வான் ஸ்டோரிலிருந்து வெளியே வந்துவிடுவான். கரண்டு ஏறும், செயலாளர் வருவார், கம்பெனி வரும். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்தும் அவள் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டு தெருவில் நிற்பாள். அவளுக்குப் பின்னால், உள்ளே, உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நீ வேண்டாம்னுதானேடா சொன்னே."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். யார்மீதும் கத்தக் கூச்சப்படாதவன். அவன் கத்தவில்லை. சின்ன வயதில் தன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் இவள்தானா என்று அடையாளம் தேடுபவன்போல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள்மீதிருந்த கண்ணை எடுத்துவிட்டு, அப்பா இறந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் புருஷனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினான்.

"உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க. என் பைப் ரெஞ்சும் ரம்பமும் உள்ள இருக்கு. எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

பம்புக்காரருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"உன் தம்பி ரெஞ்சையும் ரம்பத்தையும் கேக்கறான்."

அவள் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பி கையை நீட்டவில்லை. அவள் அவற்றை வாசற்படியில் வைத்தாள்.

"இன்னொண்ணும் சொல்லுங்க. எனக்கு அக்கான்னு ஒருத்தி இருந்தா. அவ செத்துட்டா. இனிமே யார் பேரைச் சொல்லியும் என் வீட்டு வாசலுக்கு ஆள் வரக் கூடாதுன்னு சொல்லுங்க."

பம்புக்காரருக்கு இந்த வேலை பழக்கமில்லை. எதைக் கழுவ வேண்டும், எதை வழியில் கொட்டிவிட்டு வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கேட்டதைக் கேட்டபடி எடுத்துவந்து கொட்டினார்.

"நீ செத்துட்டியாம். இனிமே அவன் வீட்டு வாசல்ல உன் காலடி படக் கூடாதாம்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் சொல்ல வேண்டிய முறை அவளுடையது. அவள் படியில் கிடந்த ரம்பத்தையே பார்த்தாள்.

"ரம்பத்துக்குப் புது பிளேடு போட்டு வெச்சிருக்கேன், பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்க, கையைக் கிழிச்சிடும்" என்றாள்.

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"பிளேடு புதுசாம்" என்றார். மிச்சத்தைக் கொண்டுபோகவில்லை.